வீடு சேராதவர்கள்

ரேஸ்கோர்ஸ் மைதானத்தில்
காலை ஏழுக்கே வெயில் ஆஜர்.
சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக்கொண்டே ஒருவர் போக
பின்னாலேயே அழித்துக்கொண்டு வருகிறது
மே மாதக் காற்று.
மணல் அடைத்த உரச்சாக்குகள் மூன்று.
நான்காவது மட்டும் வெள்ளை ரப்பர், ஐந்து மூலை.
அதன் பெயர் வீடு.

நான் தமிழாசிரியை, திருமங்கலம் பக்கம்.
விளையாட்டு சாருக்கு அம்மை போட்டதால்
ஸ்கோர் எழுத என்னை அனுப்பிவிட்டார்கள்.
இரண்டு இரவு உட்கார்ந்து விதிகளைப் படித்தேன்.
அறத்தில் கால் வைத்து
பொருளில் சறுக்கி விழுந்து
இன்பத்தில் இடுப்பைப் பிடித்து மூச்சு வாங்கி
வீட்டுக்கு ஓடிவருகிற ஆட்டம்
என்று வைத்துக்கொண்டபின்
எல்லாம் புரிந்துவிட்டது,
அவுட் தவிர.

பதினைந்து வயதுக்குக் கீழ். தென்மாவட்டத் தகுதிச் சுற்று.
இங்கே ஜெயித்தால் சென்னை.
அங்கேயும் ஜெயித்தால் வடக்கே ஏதோ ஓர் ஊர்.
அதற்கும் மேலே, கடலுக்கு அந்தப் பக்கம்,
நோட்டீசில் எழுத்துப்பிழையோடு ஒரு நாடு.
சிவப்புப் பேனாவால் அதைத் திருத்தினேன்,
யாரும் கேட்காமலே.

தேனிப் பையன்கள் மதியமே பஸ் ஏறிவிட்டார்கள்.
கடைசியில் மதுரையும் விருதுநகரும்.
கேட்சருக்கு முகமூடி ஒன்றுதான், விருதுநகருடையது.
மதுரையின் முகமூடி
காலை ஆட்டத்தில் கம்பி விட்டுப்போனது.

மூன்று அவுட் ஆனதும்
சங்கிலிராஜா கழற்றி நீட்டுவான், ஒச்சப்பன் மாட்டிக்கொள்வான்.
பிறகு ஒச்சப்பன் நீட்டுவான்.
ஒருவன் வியர்வை பஞ்சில் காயும் முன்னே
இன்னொருவன் நெற்றி.
பேச்சு கிடையாது.
நான்காம் இன்னிங்ஸில் மட்டும் ஒச்சப்பன்,
"வாரு லூசா இருக்கு, பாத்துக்க."

என் நோட்டில் பிழைக்கென்று தனிக் கட்டம் உண்டு.
கை நழுவியவன், தப்பாய் எறிந்தவன்,
எல்லார் பேரும் அதில் ஏறும்.
பதினாறு வருஷமாய்ப் பிழை திருத்துகிறவள்,
அன்றைக்கு வெறும் எண்ணிக்கைதான்.

ஏழாவது. இரண்டுக்கு இரண்டு.
மூன்றாம் சாக்கில் ரவூப்.
மட்டையோடு மொக்கராசு,
அடித்தால் பந்து தமுக்கம் பக்கம் போகும் என்று பேர் வாங்கியவன்.
கோச் காதைத் தொட்டார்.
தொட்டதைப் பார்த்து அவன் முகம் சுருங்கியதை
நானும் பார்த்தேன்.
ஓங்கவில்லை. மட்டையைக் குறுக்கே காட்டினான்.
பந்து, சாப்பிட மனசில்லாத பிள்ளை மாதிரி
நாலடி உருண்டு நின்றது.
முகமூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு
சங்கிலிராஜா பாய்ந்தான். திரும்பினான். தொட்டான்.
அதற்குள் புழுதி.
புழுதிக்குள் யார் கை, யார் கால்?

அம்பயர் இரண்டு கைகளையும் அகல விரித்தார்.

அத்தனை பேரும் ரவூப் மேல் விழுந்தார்கள்.
முதல் சாக்கில் தனியாய் நின்ற மொக்கராசு
கத்திக் கேட்டான்: "ஓடவா, வேணாமா?"

அப்புறம் முகமூடிப் பேச்சு.
சென்னைக்கு இன்னும் ஐந்து நாள். புதிசு வாங்கப் பணமில்லை.
சங்கிலிராஜா அதைத் தரையில் தட்டினான், ஊதினான்,
பல்லால் வாரை இழுத்து முடிச்சுப் போட்டான்.
"எழுதிக் குடுங்க" என்றான் என்னிடம்.
எழுதினேன்: கேட்சர் முகமூடி ஒன்று,
சென்னை ஆட்டம் முடிந்ததும் திருப்பித் தரப்படும்.
வாங்கிப் படித்தவன்,
"மேடம், என் பேருக்கு இந்த ளி இல்ல" என்றான்.
அடித்துத் திருத்தினேன்.
அவன் முகத்தில் கம்பி கம்பியாய் அழுக்கு.
கையெழுத்துப் போட்ட ஒச்சப்பன் முகத்திலும்
அதே கம்பிகள்.

மைதானம் காலியானபின் கணக்கை முடிக்க உட்கார்ந்தேன்.
கடைசிக் கட்டம்,
சாக்கு வரை வந்து வீடு சேராதவர்கள்.
விருதுநகர் எட்டு.
மதுரை ஆறு.
கூட்டிப் பார்த்தால் ஒன்று இடித்தது.
முதலிலிருந்து விரல் வைத்து எண்ணினேன்.

மொக்கராசு.

ஆறை அடித்து ஏழு என்று போட்டேன்.
அவன் நின்ற சாக்கைத் தலைகீழாய்ப் பிடித்து
மணலைக் கொட்டிக்கொண்டிருந்தார் வாட்ச்மேன்.